கேட் போட்டாச்சு

பதினொரு மணிக்கு நேர்காணல்.
கேட்பவள் நான்.
பின்னணியை மங்கலாக்கும் பொத்தானை அழுத்தியதும்
பீரோவும், கொடியில் காயும் நைட்டியும்
சாம்பல் மூட்டமாகிவிட்டன.
பெங்களூரோ டப்ளினோ,
எங்கிருந்தும் பேசுகிறவளாக இருக்கலாம் இனி.

திரையில் பெயர்: டில்லிபாபு ஏழுமலை.
ஊருக்கு நேரே சென்னை என்று மட்டும்.
பின்கோடு இல்லை.
நானும் அப்போது எழுதவில்லை.
அண்ணா நகர்த் தோழியின் கதவு எண்ணைப் போட்டேன்.
வேலைக்கான கடிதம் அவள் வீட்டுக்குத்தான் போனது.
அவள் அம்மா பிரித்துப் படித்துவிட்டார்.

முதல் பத்து நிமிடம்
மனப்பாட ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொன்னான்.
பேஷனேட் என்ற சொல் மூன்று முறை வந்தது.
தலையாட்டினேன்.
தலையாட்டவும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கேள்வி:
ஒரே ஒரு சர்வர்,
வரிசையில் லட்சம் கோரிக்கைகள்,
அவசரமானதை எப்படி முன்னால் விடுவாய்?

அந்நேரம் பார்த்து என் ஜன்னலில் கூவியது சரக்கு ரயில்.
மைக்கை அணைத்துக்கொண்டேன்.
டேங்கர், டேங்கர், டேங்கர்,
நடுவில் காலியாய் ஒன்று, மறுபடி டேங்கர்.
கட்டில் கால் நடுங்கி ஓயும்வரை
அவன் எழுதிக்கொண்டிருந்தான்.
சரியான விடை. எல்லோரும் எழுதும் விடை.

நாலு நிமிடம் ஆகியிருக்கும்.
ஹெட்போனுக்குள்
அதே ரயில் கூவியது.

"சாரி மேம், பக்கத்துல கன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றான்.
கட்டட வேலையாம்.
பதினொரு வருடமாய் நான் அலுவலகத்தில் சொல்லிவரும்
அதே கட்டடம்.
இன்னும் கட்டி முடியவில்லை போல.

கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்.
அந்த வளைவில் சரக்கு வண்டிக்கு நடக்கிறவன் வேகம்.
நாலு நிமிடமென்றால்
கொருக்குப்பேட்டை தாண்டி, யார்டுக்கு இந்தப் பக்கம்,
நேதாஜி நகரில் ஏதோ ஒரு மாடி.
ஒரே தண்ணீர் லாரியாகக்கூட இருக்கும் இருவருக்கும்.

சொல்லக் கூடாது. விதி.
"இந்த அமைப்பு எங்கே உடையும்?" என்று மட்டும் கேட்டேன்.

நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு அவன் வாயிலிருந்து ஆங்கிலம் இறங்கிப் போய்விட்டது.
"ஆம்புலன்ஸ முன்னாடி கொண்டாந்துடலாம் மேம்.
பைக்கு, ஆட்டோ எல்லாம் ஒதுங்கிக்கும்.
ஆனா கேட் போட்டுட்டா?
மொதல்ல நின்னாலும் நிக்கிறதுதான்.
க்யூவ சரி பண்ணி பிரயோஜனம் இல்ல.
பாலம் வேணும்."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.
"ஐ மீன், ரிசோர்ஸ் லாக்டு, மேம்."

என் முறை வந்த நாளில்
பைலைப் பல்லில் கவ்விக்கொண்டு
மூடிய கேட்டுக்குக் கீழே குனிந்து ஓடினேன்.
துப்பட்டா நுனியில் கிரீஸ்.
தரமணியில், ஏசி குளிரில், கேட்டார்கள்:
நீங்கள் கடந்து வந்த தடை ஒன்றைச் சொல்லுங்கள்.
கல்லூரி விழாவில் ப்ரொஜெக்டர் பழுதானதைச் சொன்னேன்.
நன்றாகவே சொன்னேன்.

நாற்பத்தைந்து நிமிடம் முடிகிறது.
எங்களிடம் ஏதும் கேட்கவேண்டுமா, டில்லிபாபு?
சம்பளம் கேட்கவில்லை, டீம் பற்றிக் கேட்கவில்லை.
"காலைல கரெக்டா எத்தனை மணிக்கு மேம் உள்ள இருக்கணும்?"

இப்போது படிவம்.
காரணம் நூறு சொல்லுக்குக் குறையக் கூடாது.
தகவல் தொடர்புத் திறனுக்கு இரண்டு போட்டேன்,
அழித்து நான்கு போட்டேன்.
கடைசிக் கட்டம்:
விண்ணப்பதாரரை உங்களுக்கு முன்பே தெரியுமா?
ஆம். இல்லை.
வேறு கட்டம் வைக்கவில்லை.

இல்லை என்பதை அழுத்தினேன். உண்மைதானே.
கீழே மணி அடிக்கிறது, அடுத்த வண்டிக்கு.
எழுதியதைத் திரும்பப் படித்தேன்.
பாலம் என்ற சொல் மூன்று முறை வந்திருந்தது.
ஒன்றை எடுத்துவிட்டேன்.